பழைய போர்ப் புகைப்படத்தை எப்படிப் பார்ப்பது? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்ப் படம் ஒன்றை யாராவது வாட்ஸாப்பில் அனுப்பினால் கீழே இரண்டு வகைப் பதில்கள் வரும். ‘ஐயோ பாவம்’ என்பது ஒன்று. ‘எல்லாம் செட்டப்’ என்பது இன்னொன்று. படத்தை ஒழுங்காகப் பார்க்காமலேயே இந்த இரண்டையும் சொல்லிவிடலாம் என்பதுதான் சிக்கல்.

உண்மையா, ஏமாற்றா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: கேமரா அந்த இடத்துக்கு எப்போது வந்து சேர்ந்தது? சண்டை நடந்த அன்றா, இரண்டு நாள் கழித்தா, நான்கு மாதம் கழித்தா? அந்தக் காலப் படங்களில் ஏறக்குறைய எல்லாமே சண்டைக்கு முன்போ பின்போ எடுத்தவை. சண்டையின் நடுவில் எடுத்தது என்று யாராவது காட்டினால் சந்தேகப்படுவதே நல்லது. கேமரா வந்த நேரம் தெரிந்துவிட்டால் படத்தில் இருக்கும் பாதி விஷயங்களுக்குத் தானாகவே விளக்கம் கிடைக்கும்.

1847-ல் மெக்சிகோவின் சால்ட்டியோ நகரில் அமெரிக்கப் படையினரைப் பதிவு செய்த டாகுவெரோடைப்புகளிலிருந்து (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த ஆரம்பகாலப் படங்கள்) 1900 வாக்கில் தென்னாப்பிரிக்காவில் எடுத்த படங்கள் வரை எதை எடுத்தாலும் கீழே சொல்லும் வரிசை உதவும். வேண்டியதெல்லாம் ஒரு கணினி, ஒரு நோட்டு, கொஞ்சம் பொறுமை. ஒரு எச்சரிக்கையும் உண்டு. இவற்றில் பல படங்களில் சடலங்கள் இருக்கின்றன. பக்கத்தில் குழந்தைகள் இருக்கும்போது திறக்க வேண்டாம்.

முதல் வேலை: பெரிய கோப்பைத் தேடி எடுங்கள்

பகிரப்பட்டுப் பகிரப்பட்டு மங்கிப்போன படத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. ஓரம் வெட்டியிருப்பார்கள், வண்ணம் பூசியிருப்பார்கள், சில சமயம் இடது வலதாக மாறியிருக்கும். வண்ணம் பூசிய பிரதியை உடனே ஒதுக்கிவிடுங்கள். அந்தச் சட்டையின் நிறம் இப்போது யாரோ ஊகித்துப் போட்டது.

நல்ல பிரதி கிடைக்கும் முதன்மையான இடம் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளம். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கண்ணாடி நெகட்டிவ்கள் ஆயிரக்கணக்கில் அங்கே இருக்கின்றன. ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டனும் பிரான்ஸும் நடத்திய கிரிமியப் போரில் (1853-56) ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்ட்டன் எடுத்த படங்களில் 263 பிரிண்ட்டுகளும் அங்கேதான். காசு கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்கவும் வேண்டாம். பதிவிறக்கப் பட்டியலில் ‘டிஃப்’ (TIFF) என்று இருப்பதை எடுங்கள், கோப்பு பெரிதாக இருந்தாலும் பரவாயில்லை. அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகமும், இந்தியாவிலும் சீனாவிலும் போர்களைப் படமெடுத்த பெலிசெ பியாட்டோ, ஃபென்ட்டன் முதலியோரின் படங்களை இலவசமாகத் தருகிறது. தேடும்போது பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

கோப்பு வந்ததும் பட எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் அதே படத்தின் இன்னொரு பிரதியைப் பார்க்கும்போது இது கை கொடுக்கும்.

அடுத்து: எந்த முறையில் எடுத்தது என்று பாருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம். மற்ற எல்லாமே இதிலிருந்துதான் வருகிறது.

1851-ல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். அடுத்த முப்பது ஆண்டுப் போர்ப் படங்களில் பெரும்பாலானவை இந்த முறையில் எடுத்தவை. வேலை இப்படி நடக்கும். துடைத்துச் சுத்தமாக்கிய கண்ணாடித் தகட்டை ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு அதன் நடுவில் கொலோடியனை ஊற்றுவார்கள். கொலோடியன் என்பது வெடிபஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த பிசுபிசுப்பான திரவம். ஆப்பச் சட்டியைச் சுழற்றுவதுபோல் தகட்டை நான்கு மூலைக்கும் சாய்த்துப் பரப்பி, மிச்சத்தைக் கடைசி மூலை வழியாகக் குப்பிக்குள் திருப்பி வடித்துவிடுவார்கள். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். வெளியே எடுத்த தகடு ஈரமாக இருக்கும்போதே கேமராவில் வைத்துப் படம் எடுத்து, ஈரமாக இருக்கும்போதே கழுவியும் ஆக வேண்டும். காய்ந்துவிட்டால் அவ்வளவுதான், தகடு வீண். மொத்தத்தில் கையில் இருப்பது சில நிமிடம். வெயில் காலத்தில் அதுவும் குறையும்.

இதே கொலோடியனை அப்போது மருத்துவர்கள் காயத்தின் மேல் பூசி மூடவும் பயன்படுத்தினார்கள். போர்க்களத்தில் அதற்கு இரண்டு விதத் தேவை இருந்திருக்கிறது!

சரி, இதனால் படத்தில் என்ன மாறுகிறது?

ஒன்று, இருட்டறை கூடவே வர வேண்டும். ஃபென்ட்டன் 1855 மார்ச்சில் கிரிமியாவின் பாலக்லாவா துறைமுகத்தில் இறங்கியபோது 5 கேமராக்கள், 700 கண்ணாடித் தகடுகள், 36 பெட்டிகள் கொண்டுவந்தார். கூடவே ஒரு வண்டியும் வந்தது. அது முன்பு ஒயின் வியாபாரி ஒருவருடையது. அதையே இருட்டறையாக மாற்றியிருந்தார். வெளிர் நிறத்தில் பளிச்சென்று இருந்ததால் ரஷ்யப் பீரங்கிகளுக்கு அது நல்ல குறி. உதவியாளர் மார்க்கஸ் ஸ்பார்லிங் அந்த வண்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். ஜூன் மாதம் வந்தபோது வண்டிக்குள் அடித்த வெப்பத்தில் காலை பத்து மணிக்கு மேல் வேலையே செய்ய முடியவில்லை. ஆக, ஒரு படம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று பார்க்கும்போது, வண்டி வந்து நிற்கக்கூடிய இடம் பக்கத்தில் எங்கே என்றும் பாருங்கள்.

இரண்டு, லென்ஸைத் திறந்து வைக்கும் நேரம். ஃபென்ட்டனுக்கு 3 முதல் 20 விநாடி வரை ஆனது. ஓடுகிற குதிரையோ, வெடிக்கிற குண்டோ, கத்தியை ஓங்குகிற சிப்பாயோ தகட்டில் பதிய வாய்ப்பே இல்லை. படத்தைப் பெரிதாக்கி அசைவைத் தேடுங்கள். குதிரையின் தலையும் வாலும் பெரும்பாலும் குழம்பியிருக்கும். மரத்தில் இலைகள் பஞ்சுபோல் இருந்தால் அன்று காற்று அடித்திருக்கிறது. ஓடுகிற தண்ணீர் பால்போல் வழவழப்பாக இருக்கும். எல்லோரும் கூர்மையாகத் தெரிந்தால், ‘அசையாதீர்கள்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். தூங்குகிறவர்களும் இறந்தவர்களும் யாரும் சொல்லாமலே கூர்மையாகப் பதிவார்கள்.

மூன்று, நிறம். கொலோடியன் நீல ஒளிக்கு மட்டுமே நன்றாக வேலை செய்யும், சிவப்பு அதற்குத் தெரியாது. அதனால்தான் வானம் எப்போதும் வெறும் வெள்ளை. பிரிட்டிஷ் சிப்பாயின் சிவப்புக் கோட்டு கறுப்பாகத் தெரிவதும் இதனால்தான். நிறத்தை வைத்து ‘இவன் எந்தப் படை’ என்று முடிவு கட்டுவது ஆபத்து. அழகான மேகங்கள் இருந்தால் இன்னும் கவனம் தேவை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜெனரல் ஷெர்மனின் படைக்குப் பின்னால் போன ஜார்ஜ் பர்னார்ட், 1866-ல் வெளியிட்ட தன் ஆல்பத்தில் பல படங்களுக்கு வேறொரு நெகட்டிவிலிருந்து மேகத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார். அந்தக் காலத்தில் அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை.

நான்கு, ஓரங்கள். விரலால் பிடித்த மூலையில் பூச்சு இருக்காது. ஊற்றிய திரவம் வழிந்த கோடு, தூசி ஒட்டிய வால்நட்சத்திரப் புள்ளி, உரிந்த ஓரம் எல்லாம் இருக்கும். இவை இருந்தால் நீங்கள் பார்ப்பது முழுத் தகடு. ஓரங்கள் சுத்தமாக இருந்தால் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.

கண்ணாடிக்குப் பதிலாகக் காகித நெகட்டிவில் எடுத்தவர்களும் உண்டு. வங்காளப் படையின் மருத்துவர் ஜான் மக்காஷ் 1848-49 சீக்கியப் போர்க் காலத்திலும், பிறகு 1852-ல் தொடங்கிய பர்மியப் போரிலும் காகிதத்தில்தான் எடுத்தார். பெயர் தெரிந்த போர்ப் புகைப்படக்காரர்களில் மிகப் பழையவர்களில் ஒருவர் அவர். மதுரை, தஞ்சைக் கோயில்களை எடுத்த லினியஸ் ட்ரைப் கையாண்டதும் பெரும்பாலும் காகித நெகட்டிவ்தான். காய்ந்த பிறகும் பயன்படுத்தக்கூடிய காகிதம் நம் பக்கத்து வெயிலுக்கு வசதி. ஆனால் நார் தெரியும், நுணுக்கம் குறையும்.

இரண்டு தேதிகள் எழுதுங்கள்

நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் சம்பவம் நடந்த தேதி, இன்னொன்றில் படம் எடுத்த தேதி. படத்தின் பெயரில் இருப்பது பெரும்பாலும் முதல் தேதி மட்டும்தான். இரண்டாவது தேதியைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் வேலை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஆன்ட்டீட்டம் சண்டை நடந்தது 1862 செப்டம்பர் 17. ஒரே நாளில் இரு தரப்பிலும் சேர்த்து ஏறக்குறைய 23,000 பேர் இறந்தோ காயம்பட்டோ காணாமலோ போனார்கள். புகைப்படக்காரர் அலெக்ஸாண்டர் கார்ட்னர் அங்கே படம் எடுக்கத் தொடங்கியது இரண்டு நாள் கழித்து. அதற்குள் வடக்குப் படை, அதாவது மத்திய அரசின் படை, தன் ஆட்களைப் புதைக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் படங்களில் ஏன் பெரும்பாலும் தெற்குப் படைச் சடலங்களே (பிரிந்துபோன தென் மாநிலங்களின் வீரர்கள்) கிடக்கின்றன என்பதற்கு இந்த இடைவெளியே பதில். களத்தைக் கைப்பற்றிய தரப்பு தன் பிணத்தை முதலில் அடக்கம் செய்யும். எதிரியின் பிணம் கேமரா வரும்வரை கிடக்கும்.

இடைவெளி நாள் கணக்கில் இல்லாமல் மாதக் கணக்கில் இருந்தால்? லக்னோவின் சிக்கந்தர் பாக் படத்தை எடுத்துக்கொள்வோம். பின்னால் குண்டு துளைத்த மாளிகை, முன்னால் திறந்த வெளி, அங்கே அசையாமல் நிற்கும் சில ஆட்கள், ஒரு குதிரை. சற்றுப் பெரிதாக்கினால் தரையில் சிதறிக் கிடப்பவை கற்கள் அல்ல, மனித எலும்புகள் என்று தெரியும். பிரிட்டிஷாரை எதிர்த்த 1857 எழுச்சியின்போது, நவம்பர் 16 அன்று, அந்தச் சுவருக்குள் சுமார் 2,000 இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். பெலிசெ பியாட்டோ லக்னோவுக்கு வந்ததோ 1858 வசந்த காலத்தில். நான்கைந்து மாதம் கழித்து எலும்புகள் இவ்வளவு ஒழுங்காகக் கேமராவுக்கு முன்னால் எப்படிக் கிடக்கும்? அப்போது லக்னோவில் இருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் தன் நினைவுக்குறிப்பில் பதில் வைத்திருக்கிறார்: மூடியிருந்த உடல்களைப் படத்துக்காக மறுபடி வெளியே எடுக்கச் சொல்லிப் புகைப்படக்காரர் பிடிவாதம் பிடித்தாராம்.

இப்போது ‘செட்டப்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாமா? கூடாது. எலும்புகள் நிஜம், படுகொலை நிஜம். பரப்பி வைத்தது யாருக்காக என்பதே கேள்வி. இங்கிலாந்தில் வாங்கக் காத்திருந்தவர்களுக்காக. இறந்தவர்களை இத்தனை மாதம் அடக்கம் செய்யாமல் விட்டதற்கும் சாட்சி இந்தப் படமே. எடுத்தவர் அதைச் சொல்ல நினைத்திருக்க மாட்டார்.

படத்துக்குக் கீழே இருப்பதை நம்பாதீர்கள்

படத்தலைப்பு மூன்று அடுக்காக வரும். எடுத்தவர் அல்லது விற்றவர் போட்ட தலைப்பு, பிறகு நூலகம் சேர்த்த விவரம், அதன்பின் இணையத்தில் யாரோ எழுதியது. நூலகப் பதிவேட்டில் மூலத் தலைப்பையும் நூலகத்தின் குறிப்பையும் பிரித்துக் காட்டியிருப்பார்கள். மூலத் தலைப்பிலிருந்து தொடங்குங்கள், ஆனால் அதையும் நம்ப வேண்டாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெட்டிஸ்பர்க் களத்தில் திமத்தி ஓசல்லிவன் எடுத்த ஒரு படம் கார்ட்னரின் 1866 ஆல்பத்தில் ‘மரணத்தின் அறுவடை’ என்ற பெயரில் வருகிறது. பனிமூட்டமான புல்வெளியில் உப்பிப்போன உடல்கள். கூட இருக்கும் குறிப்பு அவர்களைக் கலகக்காரர்கள், அதாவது தெற்குப் படையினர் என்கிறது. அதே ஆல்பத்தில் வடக்குப் படையின் ஜெனரல் ரெனால்ட்ஸ் விழுந்த களம் என்று இன்னொரு படம். அங்கே கிடப்பவர்கள் வடக்கு வீரர்களாம், கடைசிவரை கடமையைச் செய்தவர்களாம். வில்லியம் ஃபிரசனீட்டோ என்ற ஆய்வாளர் 1970-களில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டிலும் கிடப்பது ஒரே ஆட்கள். கேமரா எதிர்ப்பக்கம் போய் நின்றிருக்கிறது, அவ்வளவே. ஒரே சடலம் ஒரு பக்கத்தில் துரோகி, இன்னொரு பக்கத்தில் தியாகி!

எடுத்தவர் பெயரிலும் இதே தொல்லை. ‘பிரேடி எடுத்தது’ என்று வரும் படங்களில் மேத்யூ பிரேடி கையால் எடுத்தது கொஞ்சம். அவருக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஆட்களை அனுப்பி எடுக்க வைத்து, வந்ததை எல்லாம் தன் ஸ்டுடியோ பெயரில் வெளியிட்டார். கார்ட்னர் அவரை விட்டுப் பிரிந்து தனிக்கடை போட்ட பிறகு ஒரு நல்ல வழக்கம் கொண்டுவந்தார். நெகட்டிவ் எடுத்தவர் பெயர் ஒரு பக்கம், பிரிண்ட் போட்டவர் பெயர் இன்னொரு பக்கம். அந்த இரண்டு சிறு வரிகள் இருந்தால் அவற்றைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

உடன்பிறந்த படங்களைத் தேடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. அதிகம் கற்றுக்கொடுப்பதும் இதுதான். ஒரு புகைப்படக்காரர் கனமான வண்டியை இழுத்துக்கொண்டு ஓர் இடத்துக்கு வந்துவிட்டால் ஒரே ஒரு படத்தோடு திரும்ப மாட்டார். அதே நாள், அதே இடம், அதே ஆள் என்று தேடினால் இன்னும் இரண்டு மூன்று நெகட்டிவ் கிடைக்கும். எல்லாவற்றையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

பழக நல்ல உதாரணம் கெட்டிஸ்பர்க்கின் டெவில்ஸ் டென் பாறைப் பகுதி. சண்டை 1863 ஜூலை 1 முதல் 3 வரை. கார்ட்னர், ஓசல்லிவன், ஜேம்ஸ் கிப்சன் மூவரும் 5-ஆம் தேதி வாக்கில் வந்தார்கள். அவர்கள் எடுத்ததில் மிகவும் பேர்பெற்றது மறைந்திருந்து சுடும் தெற்குப் படை வீரன் ஒருவனின் ‘வீடு’ என்று ஆல்பத்தில் வரும் படம். இரண்டு பெரும் பாறைகள், நடுவில் கற்களை அடுக்கிக் கட்டிய சிறு சுவர், அதன் பின்னால் மல்லாந்து கிடக்கும் இளைஞன். தலைக்குக் கீழே பை. சுவரில் ஒரு துப்பாக்கி செங்குத்தாகச் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் துப்பாக்கியைப் பெரிதாக்குங்கள். ஒளிந்திருந்து குறிபார்ப்பவர்கள் வைத்திருக்கும் தொலைதூரத் துப்பாக்கி இல்லை, சாதாரணக் காலாட்படை வகை. சண்டை முடிந்த களத்தில் ஆட்கள் முதலில் பொறுக்கிக்கொண்டு போவது துப்பாக்கியைத்தான். இரண்டு நாளாக அது எப்படி இவ்வளவு பாந்தமாக அங்கேயே சாய்ந்திருந்தது? அடுத்து உடலுக்குக் கீழே பாருங்கள். ஒரு போர்வை விரிந்திருக்கிறது.

இப்போது அதே பகுதியில், சரிவின் கீழே எடுத்த மற்ற படங்களைத் திறங்கள். அங்கேயும் ஓர் இளைஞன் கிடக்கிறான். முகத்தையும் உடையையும் ஒப்பிட்டுக்கொண்டே போனால் புரியும், அதே பையன்! சரிவில் கிடந்தவனைப் பல கோணத்தில் எடுத்த பிறகு, பாறை இடுக்கு இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. போர்வையில் போட்டுச் சில பத்து கஜம் மேலே தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். 1961-ல் ஃபிரெடரிக் ரே இதைச் சுட்டிக்காட்டினார். பிறகு ஃபிரசனீட்டோ பாறை பாறையாக இடத்தைக் கண்டுபிடித்து உறுதி செய்தார். அவர் செய்தது மந்திரம் ஒன்றும் இல்லை. பாறையின் வெடிப்பு நூறு ஆண்டில் மாறாது என்பதைப் பிடித்துக்கொண்டு, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார். கார்ட்னரோ, 1863 நவம்பரில் தான் மறுபடி போனபோது அந்த எலும்புக்கூடும் துருப்பிடித்த துப்பாக்கியும் தீண்டப்படாமல் அங்கேயே இருந்ததாக எழுதினார். நினைவுப்பொருள் பொறுக்க ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்துபோன ஊரில் இது நடக்கிற காரியமா?

அந்தப் பையனைத் தூக்கிப் போனதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் கதையைப் புனைந்ததைவிட, அவன் உண்மையில் விழுந்த இடத்தை அழித்ததே பெரிய பிழை என்று படுகிறது. சரிவில் எடுத்த படங்கள் மட்டும் தப்பவில்லை என்றால் அது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

இன்னொரு ஜோடி, கிரிமியாவில் ஃபென்ட்டன் 1855 ஏப்ரல் 23 அன்று எடுத்தது. ‘மரண நிழலின் பள்ளத்தாக்கு’ என்பது சிப்பாய்கள் அந்த வழிக்கு வைத்த பெயர். ஒரு படத்தில் பாதை காலி, குண்டுகள் எல்லாம் ஓரத்துப் பள்ளத்தில். இன்னொன்றில் பாதை நெடுகக் குண்டுகள். கேமரா அசையவே இல்லை. எது முதலில்? 2007-ல் ஆவணப்பட இயக்குநர் எரல் மோரிஸ் இதற்காகக் கிரிமியாவுக்கே போனார். நிழலின் திசையை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்ததில் தெளிவு கிடைக்கவில்லை. கடைசியில் விடை சொன்னவை யாரும் கவனிக்காத சிறு கற்கள். சரிவில் இருந்த சில கற்கள் குண்டு நிறைந்த படத்தில் சற்றுக் கீழே உருண்டிருந்தன. கல் மேலே உருளாது. ஆகவே காலியான படமே முதலில். குண்டுகளைப் பாதைக்குக் கொண்டுவந்தது ஃபென்ட்டனின் ஆட்களா, பொறுக்க வந்த சிப்பாய்களா என்பதைக் கற்கள் சொல்லவில்லை. நீங்களே இரண்டையும் திறந்து இடதுபக்கச் சரிவில் அந்தக் கற்களைத் தேடிப் பாருங்கள். ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

போகிற போக்கில் ஒன்று: இந்தப் பள்ளத்தாக்கும் 1854 அக்டோபரில் பிரிட்டிஷ் குதிரைப்படை பாய்ந்து அழிந்த பள்ளத்தாக்கும் வேறு வேறு. நிறைய இடங்களில் குழப்பியிருப்பார்கள்.

உள்நாட்டுப் போர்ப் படங்களில் பாதிக்கு மேல் உடன்பிறப்பு தேட வேண்டிய அவசியமே இல்லை, கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு லென்ஸ் கேமராவில் எடுத்த ஸ்டீரியோ படங்கள் அவை. ஒரே தகட்டில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படம். கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தால் ஆழம் தெரியும். வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து மக்கள் போரை முப்பரிமாணத்தில்தான் பார்த்தார்கள். இரண்டு பாதியின் ஓரங்களையும் பார்க்க மறக்காதீர்கள். ஒன்றில் வெட்டுப்பட்டது மற்றதில் இருக்கும்.

காசு கொடுத்தது யார், வாங்கியது யார்?

இதை ஒரு வரியிலேனும் நோட்டில் எழுதிவிடுங்கள். ஃபென்ட்டனை அனுப்பியது மான்செஸ்டரைச் சேர்ந்த ஆக்னியூ என்ற படவியாபார நிறுவனம். தளபதிகளை வைத்துப் பெரிய ஓவியம் தீட்ட ஓவியர் ஒருவருக்கு முகங்கள் வேண்டியிருந்தன. ஃபென்ட்டன் எடுத்த ஏறக்குறைய 360 தகடுகளில் இவ்வளவு அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதும், சடலமே இல்லாததும் ஏன் என்று இப்போது புரியும். பிணப் படத்தை யார் வாங்கி மேசையில் வைப்பார்கள்?

ஏழு ஆண்டில் அதுவும் மாறிவிட்டது. 1862 அக்டோபரில் பிரேடி தன் நியூயார்க் ஸ்டுடியோவில் ஆன்ட்டீட்டம் சடலப் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது கூட்டம் அலைமோதியது. பிணங்களைக் கொண்டுவந்து நம் வாசலில் போடவில்லை, அதற்கு நிகரான ஒன்றைச் செய்துவிட்டார் என்ற பொருளில் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. ஆனால் படத்தை அந்தச் செய்தித்தாளில் அச்சிட முடியாது. புகைப்படத்தை அப்படியே அச்சிடும் முறை நாளிதழுக்கு 1880-ல்தான் வருகிறது. அதுவரை புகைப்படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்குபவர் கை வைத்ததே அச்சாகும். செதுக்குபவர் புகையும் சேர்ப்பார், ஓடும் ஆட்களும் சேர்ப்பார். ‘1862 செய்தித்தாளில் வந்த போர்க்களப் புகைப்படம்’ என்று யாராவது காட்டினால் அது செதுக்கோவியம்தான்.

யார் இல்லை என்றும் பாருங்கள். 1860 ஆகஸ்டில் சீனாவின் டாகு கோட்டை பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளிடம் விழுந்ததும் பியாட்டோ உள்ளே போய்ச் சீனச் சடலங்களை வரிசையாக எடுத்தார். பிரிட்டிஷ், பிரெஞ்சு உடல் ஒன்றுகூட இல்லை. ஓரிடத்தில் குவிந்து கிடந்த சடலங்களைப் பார்த்து அவர் பரபரப்போடு ‘அழகு’ என்று சொல்லி, எடுத்து முடிக்கும்வரை யாரும் நகர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதாகக் கூட இருந்த ராணுவ மருத்துவர் ரென்னி பதிவு செய்திருக்கிறார்.

படத்தில் நிற்பவருக்கும் விலை உண்டு. 1871-ல் பாரிஸ் நகரைச் சில வாரம் தங்கள் கையில் வைத்திருந்த கிளர்ச்சியாளர்களான கம்யூன்காரர்கள் தடுப்பரண்களின் மேலும், அவர்கள் சாய்த்த நெப்போலியன் காலத்து வாந்தோம் வெற்றித் தூணின் பக்கத்திலும் உற்சாகமாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு போலீஸ் ஆள் அடையாளம் காண அதே மாதிரிப் படங்களைப் பயன்படுத்தியது. இன்னொரு பக்கம் எர்னஸ்ட் அப்பேர் என்பவர் நடிகர்களை நிறுத்தி எடுத்த உடல்களில் நிஜ ஆட்களின் தலைகளை ஒட்டி, ‘கம்யூனின் குற்றங்கள்’ என்று விற்றார். முழுக்க முழுக்க ஏமாற்று என்று கூசாமல் சொல்லக்கூடிய படம் வேண்டுமென்றால் அதைப் பாருங்கள். பியாட்டோவையும் கார்ட்னரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

1880-க்குப் பிறகு வரிசை கொஞ்சம் மாறும்

ஜெலட்டின் உலர் தகடு வந்துவிட்டது. கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம், இருட்டறை வண்டி வேண்டாம், லென்ஸ் திறந்திருக்கும் நேரம் விநாடியில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. ஆகவே ‘கேமரா தாமதமாக வந்திருக்கும்’ என்ற ஊகம் இனிமேல் தானாகச் செல்லாது.

சென்னை மாகாணத்தோடு தொடர்புள்ள ஒரு மனிதரை வைத்தே இதைப் பார்க்கலாம். வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைப் படையின் குதிரைப்படை அதிகாரி. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக வரிசையாக உட்கார வைக்கப்பட்ட மக்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள், அவற்றை எடுத்தவர். 1885-ல் மூன்றாம் பர்மியப் போரில் மண்டலேவில் ராணுவக் காவல் அதிகாரியாக இருந்தார். கைதிகளைச் சுட்டுக் கொல்லும் கணத்தைத் தகட்டில் பிடிக்க வேண்டும் என்பதற்காக, துப்பாக்கிகள் குறிவைத்து நிற்க, தண்டனையையே கேமராவுக்கு ஏற்றபடி நிறுத்தி நடத்தினார் என்று லண்டன் ‘டைம்ஸ்’ நிருபர் எழுதினார். நாடாளுமன்றம்வரை போய், விசாரணை நடந்து, ஹூப்பர் கண்டிக்கப்பட்டார். ஈரத் தகட்டுக் காலத்தில் இப்படி ஓர் ஆசையே வந்திருக்காது. முன்பு பிணத்தைத்தான் நகர்த்த முடிந்தது. இப்போது சாவின் நேரத்தையே நகர்த்தலாம் என்றாகிவிட்டது.

அதனால் உலர் தகட்டுக் காலப் படத்துக்கு நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: படத்தில் நடப்பது கேமரா இல்லாவிட்டாலும் அப்படியே நடந்திருக்குமா?

எங்கே தொடங்கலாம்

முதல் முறைக்கு டெவில்ஸ் டென் படங்கள். ஒப்பிட்டுப் பார்க்க எல்லாம் ஒரே தளத்தில் கிடைக்கும், விடையும் தெரிந்தது என்பதால் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம். விடையை மறந்துவிட்டு நீங்களாகத் துப்பாக்கியிலிருந்து ஆரம்பியுங்கள்.

இரண்டாவதாக, 1855 செப்டம்பரில் கிரிமியாவின் செவஸ்தபோல் நகரம் விழுந்த பிறகு ஜேம்ஸ் ராபர்ட்சன் எடுத்த, ரஷ்யர்களின் ரெடான், மலகாஃப் அரண்களின் படங்கள். உடைந்த கூடைகள், சிதறிய மண்மூட்டைகள், கவிழ்ந்த பீரங்கிகள், ஏறக்குறைய ஆளே இல்லை. வண்டி எங்கே நின்றிருக்கும், எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார், துப்புரவு எவ்வளவு நடந்திருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.

மூன்றாவதாக, தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாருக்கும் போயர் குடியேறிகளுக்கும் நடந்த போரின்போது எடுத்த, காந்தி இருக்கும் குழுப்படம். நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படை, 1899-1900. அந்தப் படையில் சுமார் 1,100 பேர். அவர்களில் ஏறக்குறைய 800 பேர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள், அதில் தமிழர் ஏராளம். ஸ்பியான் காப் மலையிலிருந்து காயம்பட்டவர்களை மைல் கணக்கில் தோளில் தூக்கி இறக்கியவர்கள். படத்தில் இருப்பதோ சீருடையோடு வரிசையாக அமர்ந்த ஒரு சிறு குழு. இதற்கு முதலில் இரண்டு தேதிக் கட்டத்தை நிரப்பப் பாருங்கள். பிறகு உட்கார்ந்திருப்பவர்களின் காலணிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள், களத்திலிருந்து வந்தவையா, ஸ்டுடியோ நாளுக்குத் துடைத்தவையா என்று.